ஒரு கோல்ட் ரிவால்வரின் வயதைக் கணிப்பது

கோல்ட் நிறுவனத்தின் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரை எடுத்துப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது, சட்டகத்தின் இடப்பக்கம் பொறித்திருக்கும் தேதிகள். 1871 செப்டம்பர் 19, 1872 ஜூலை 2 என்று இரண்டு தேதிகள் இருக்கும்; சற்றுப் பிந்திய துப்பாக்கிகளில் 1875 ஜனவரி 19 என்பதும் சேர்ந்திருக்கும். ஏல விளம்பரங்களிலும் குடும்பப் பேச்சிலும் "இது 1871-இல் செய்த துப்பாக்கி" என்று சொல்லப்படுவதெல்லாம் இந்தப் பொறிப்பை நம்பித்தான். அந்த மாடலே அமெரிக்க ராணுவத்துக்கென 1873-இல்தான் உற்பத்திக்கு வந்தது. பொறித்திருப்பவை காப்புரிமை பெற்ற தேதிகள். அதே தேதிகளைத் தாங்கிய ரிவால்வர்கள் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்து 20-ஆம் நூற்றாண்டிலும் பல்லாண்டுகள் வெளிவந்தன. ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர்களிலும் இதே குழப்பம் உண்டு. குழலின் மேல் கடைசித் தேதியாக 1914 டிசம்பர் 29 இருப்பதைப் பார்த்து அதை முதல் உலகப் போர்க்காலத் துப்பாக்கி என்று முடிவுகட்டுவார்கள். அது 1920-களில் செய்ததாகவும் இருக்கலாம். காப்புரிமைத் தேதி நமக்கு உறுதியாகச் சொல்வது ஒன்றே ஒன்று: இந்த உறுப்பு இந்தத் தேதிக்கு முன்னால் பொறிக்கப்பட்டிருக்க முடியாது. எவ்வளவு காலம் கழித்துப் பொறிக்கப்பட்டது என்பதைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

காப்புரிமைத் தேதியின் இந்த ஒருபக்கத் தன்மையே இந்த அத்தியாயம் முழுவதற்கும் அடிப்படை. பழைய ரிவால்வரில் கிடைக்கும் சான்றுகளில் பெரும்பாலானவை ஆண்டைச் சொல்வதில்லை, எல்லையைச் சொல்கின்றன. சில "இதற்கு முன் இல்லை" என்கின்றன, சில "இதற்குப் பின் இல்லை" என்கின்றன. இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்காமல், கிடைத்த குறிகளையெல்லாம் சம எடையுடன் கூட்டிச் சராசரி போடுவதுதான் சேகரிப்பாளர்கள் மிகுதியாகச் செய்யும் தவறு என்பது என் கணிப்பு. ஒரு குறி 1880 என்கிறது, இன்னொன்று 1896 என்கிறது, ஆகவே 1888 வாக்கில் என்று எழுதுவது கணக்கே அல்ல. இரண்டும் உண்மையாக இருக்கலாம். துப்பாக்கி இரண்டு முறை வேலைக்கு உட்பட்டிருக்கலாம். எது எந்த உறுப்பில் இருக்கிறது, அந்த உறுப்பு எவ்வளவு எளிதில் மாற்றக்கூடியது, அந்தக் குறி எந்தப் பக்கத்து எல்லையைத் தருகிறது என்ற மூன்றையும் கேட்ட பிறகே ஆண்டைப் பற்றிப் பேச வேண்டும்.

அதற்கும் முன்னால், 'செய்த ஆண்டு' என்று எதைச் சொல்கிறோம் என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு ரிவால்வரின் சட்டகம் கடைசல் முடிந்து எண்ணிடப்படுவது ஒரு நாள். மற்ற உறுப்புகளைப் பொருத்திப் பூச்சு ஏற்றி முழுத் துப்பாக்கியாவது இன்னொரு நாள். கிடங்கிலிருந்து கடைக்காரருக்கு அனுப்பப்படுவது மூன்றாவது நாள். இவற்றுக்கு இடையே சில வாரங்களே இருந்தால் கவலையில்லை. ஆனால் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இயங்கிய ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தில் துப்பாக்கிகள் எண் வரிசைப்படி வெளியே போனதில்லை. கிடங்கில் கைக்கு வந்தது போயிற்று. அவர்களுடைய .44 டபுள் ஆக்‌ஷன் முதல் மாடல் 1881-இல் தொடங்கி 1913 வரை விற்பனைப் பட்டியலில் இருந்தது. ஆனால் அதன் சட்டகங்கள் எல்லாமே 1899-க்கு முன்பே செய்து முடிக்கப்பட்டவை. ஆக, 1908-இல் அனுப்பப்பட்ட ஒரு துப்பாக்கியின் சட்டகம் முந்தைய நூற்றாண்டைச் சேர்ந்தது. அமெரிக்காவில் இந்த வேறுபாட்டுக்குச் சட்ட மதிப்பும் உண்டு. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1898-லோ அதற்கு முன்போ உற்பத்தியானதைப் பழம்பொருள் என்று ஒதுக்குகிறது. அந்தக் கேள்விக்குச் சட்டகத்தின் ஆண்டுதான் பதில், அனுப்பிய ஆண்டு அல்ல. இந்திய வாசகர் இந்த விலக்கைத் தனக்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது. இங்கே 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் பழமைக்கான விலக்கு, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாத நிலையில் இருக்கும் ஆயுதத்துக்கே. சுடக்கூடிய நிலையில் உள்ள துப்பாக்கிக்கு அதன் ஆண்டு 1875 என்றாலும் உரிமம் வேண்டும். சந்தேகம் இருந்தால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அலையாமல் முதலில் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் கேளுங்கள்.

இனி கைவேலை. எந்தக் குறியைத் தேடுவதற்கு முன்பும் துப்பாக்கி காலியாக இருப்பதைக் கண்ணால் உறுதி செய்ய வேண்டும். சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியில் சுத்தியலை அரைநிலைக்கு இழுத்து, வலப்பக்கத்தில் தோட்டா நுழைக்கும் சிறு கதவைத் திறந்து, உருளையை மெல்லச் சுழற்றி ஆறு அறைகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஐந்து பார்த்தது போதும் என்று நிறுத்த வேண்டாம். அடுத்து, எதையும் துடைத்துப் பளபளப்பாக்காதீர்கள். கம்பித் தூரிகை, உப்புத்தாள், துரு நீக்கும் திரவம் மூன்றும் குறிகளுக்கு எதிரி. ஒரு மேசை விளக்கைத் தாழ்த்தி, வெளிச்சம் உலோகப் பரப்பைச் சாய்வாக உரசிக்கொண்டு போகும்படி வையுங்கள். நேர் வெளிச்சத்தில் மறைந்திருந்த எழுத்து நிழலோடு எழுந்து நிற்கும். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி போதும். தேய்ந்த எண்ணின் மேல் கொஞ்சம் முகப்பவுடரை விரலால் தடவி, மேற்பரப்பை மட்டும் துணியால் ஒற்றி எடுத்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கி எண் தெரியும். படம் எடுத்துக்கொண்டே வேலையைத் தொடருங்கள்.

சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியில் தொடர் எண் மூன்று இடங்களில் இருக்கும்: சட்டகத்தின் அடியில் விசைக்காப்புக்கு முன்னால்; அதை ஒட்டி விசைக்காப்பின் தட்டையான பகுதியில்; கைப்பிடியின் பின்பட்டை அடிமுனையில். தொடக்க ஆண்டுகளில் உருளையிலும், வெளியேற்றிக் குழாயைக் கழற்றினால் தெரியும்படி குழலின் அடியிலும், எண்ணோ அதன் ஒரு பகுதியோ இருக்கும். ஒற்றைத் துண்டு வாதுமை மரக் கைப்பிடியானால் உட்குடைவில் மையால் எழுதிய எண்ணையும், ரப்பர் கைப்பிடியானால் உட்புறம் கீறிய எண்ணையும் தேடுங்கள். மூன்று முதன்மை எண்களும் ஒன்றாக இருந்தால் நேராக அடுத்த படிக்குப் போகலாம். ஒன்று வேறுபட்டால், சட்டகத்தின் எண்ணையே துப்பாக்கியின் எண்ணாகக் கொண்டு, மற்றதை ஒரு செய்தியாகக் குறித்துவைக்க வேண்டும்.

எண்ணைப் பட்டியலில் தேடுவதற்கு முன் மாடலை உறுதி செய்துகொள்வது கட்டாயம். கோல்ட் நிறுவனம் 1877-ஆம் ஆண்டு மாடலுக்கும் 1878-ஆம் ஆண்டு மாடலுக்கும் தனித்தனி எண் வரிசை வைத்திருந்தது. ஆகவே ஒரே எண் பல வகை ரிவால்வர்களில் இருக்கும். மாறாக, 1894-இல் வந்த பிஸ்லி மாடல் பார்க்க வேறு மாதிரி இருந்தாலும் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியின் எண் வரிசையையே பகிர்ந்துகொண்டது. 1870-களின் பிற்பாதியில் செய்த .44 ரிம்ஃபயர் ரகத்துக்கோ தோற்றத்தில் வேற்றுமை ஏதும் இல்லை, ஆனால் எண் ஒன்றிலிருந்து தொடங்கும் தனி வரிசை. அதைக் கவனிக்காதவர், ஆயிரத்தைச் சுற்றிய எண்ணைக் கண்டதும் 1874-ஆம் ஆண்டின் ராணுவத் துப்பாக்கி கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்துபோவார். சுத்தியலின் முனை தோட்டாவின் நடுவில் அடிக்கிறதா விளிம்பில் அடிக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. எண்ணுக்குப் பின்னால் எஸ்.ஏ. என்ற எழுத்துகள் இருந்தால் அது 1956-இல் மறுபடி தொடங்கிய உற்பத்தி. எண் 80,000-ஐத் தொட்டு எஸ்.ஏ. பின்னால் வந்தால் 1976-க்குப் பிந்தியது. அவற்றைப் பழைய பட்டியலோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

பழைய வரிசைக்கு எல்லோரும் பயன்படுத்தும் பட்டியல் சுருக்கமாக இப்படிப் போகிறது. 1873-க்கு முதல் 200 எண்கள். 1874-இன் முடிவில் 15,000. 1880 தொடங்குவது 53,000-ஐத் தாண்டி. 1890 தொடங்குவது 1,30,000-ஐத் தாண்டி. 1899 தொடங்குவது 1,82,000-ஐத் தாண்டி. 1900 தொடங்குவது 1,92,000-ஐத் தாண்டி. இரண்டாம் உலகப் போரின் தொடக்க காலத்தில் 3,57,859-உடன் வரிசை நின்றது. இந்தப் பட்டியலை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும்: 1873 நீங்கலாக, 19-ஆம் நூற்றாண்டின் ஆண்டு எல்லைகள் எல்லாம் முழு ஆயிரத்தில் முடிகின்றன. எந்தத் தொழிற்சாலையும் ஒவ்வொரு டிசம்பர் 31-ஆம் தேதியும் சரியாக ஆயிரத்தில் வேலையை நிறுத்தியிருக்காது. பின்னாளில் ஏடுகளைப் பார்த்துத் தோராயமாக வகுத்த எல்லைகள் அவை. பட்டியல் பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்; அதன் பிழை ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒவ்வொரு அளவு என்றே கொள்ள வேண்டும். 1883-க்குப் பட்டியல் ஒதுக்குவது சுமார் 17,000 எண்கள். அங்கே எல்லை ஆயிரம் எண் தவறியிருந்தாலும் மூன்று வாரம்தான் பிசகும். 1886-க்கு ஒதுக்குவதோ சுமார் 2,000 எண்கள். அங்கே அதே ஆயிரம் எண் தவறினால் ஆறு மாதம் போய்விடும். ஆகவே 95,000 என்ற எண்ணுக்கு 1883 என்று துணிந்து எழுதலாம். 1,18,000 என்ற எண்ணுக்கு 1885 முதல் 1887 வரை என்று எழுதுவதே நேர்மை. எல்லா எண்ணுக்கும் ஒரே உறுதியோடு ஓர் ஆண்டைச் சொல்லும் விலைப்பட்டியல்களை நான் நம்புவதில்லை.

பட்டியல் ஓர் இடைவெளியைத் தந்துவிட்டது. அதைச் சரிபார்க்கவும் குறுக்கவும் துப்பாக்கியின் அமைப்பே உதவ வேண்டும். 1870-களின் நடுப்பகுதி வரை குழலின் மேல் உள்ள ஹார்ட்ஃபோர்டு முகவரி சாய்வெழுத்தில் இருக்கும், பிறகு நேரெழுத்து. காலியான தோட்டாவைத் தள்ளும் கம்பியின் தலை, தொடக்கத்தில் நடுவில் துளையுள்ள வட்டம். 1882-ஐ ஒட்டி அது அரைநிலா வடிவமாகிறது. அதே சமயத்தில் கழுகுச் சின்னம் பதித்த இரண்டு துண்டு ரப்பர் கைப்பிடி வருகிறது. 1896 வாக்கில் கழுகு மறைகிறது. .44-40 தோட்டாவுக்கான துப்பாக்கிகளின் குழலில் 'கோல்ட் ஃபிரான்டியர் சிக்ஸ் ஷூட்டர்' என்ற பெயர் 1878 முதல் அமிலத்தால் அரித்து எழுதப்பட்டது. 1890-ஐ ஒட்டி அது உருளை அச்சால் அழுத்திய எழுத்தாக மாறியது. அரித்த எழுத்தின் ஓரம் மங்கலாக, தரை சொரசொரப்பாக இருக்கும். அழுத்திய எழுத்தின் ஓரம் கூர்மையாக எழும்பி நிற்கும். சட்டகத்தில் காப்புரிமைத் தேதிகள் முதலில் இரண்டு வரி, பிறகு மூன்றாம் தேதி சேர்ந்து மூன்று வரி, அதன்பின் மூன்று தேதிகளும் மறுபடி இரண்டு வரியில், 1890-ஐ ஒட்டி அருகே வட்டத்துக்குள் முன்னங்காலைத் தூக்கிய குதிரை. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, உருளையின் அச்சுக்கம்பியைப் பிடித்திருக்கும் முறை. பழைய சட்டகத்தில் முன்புறத்தில் சாய்வாக ஏறும் ஒரு திருகு அதைப் பிடிக்கும். 1890-களில் குறுக்கே அழுத்தும் பொத்தான் வந்து, 1896-இல் 1,65,000 எண்ணைச் சுற்றி அதுவே நிலைத்தது. திருகு வைத்த சட்டகத்தைக் கரும்பொடிச் சட்டகம் என்றே சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். பொத்தான் வந்தவுடனேயே புகையில்லா வெடிமருந்துக்குத் துப்பாக்கி தகுதி பெற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். நிறுவனம் அதற்கு உத்தரவாதம் கொடுத்தது 1900-இல், 1,92,000 என்ற எண்ணை ஒட்டித்தான்.

இந்த அடையாளங்களை எதிர்த்து ஒரு வாதம் உண்டு, அது வலுவானது. தொழிற்சாலையில் எந்த மாற்றமும் ஒரே காலையில் நடப்பதில்லை. புது உறுப்பு வந்த பிறகும் பழையதை வீணாக்காமல் பயன்படுத்துவார்கள். அரிசிப் பானையில் பழைய அரிசி தீர்ந்த பிறகே புது மூட்டையைப் பிரிப்பது போல. ஆகவே திருகுச் சட்டகமும் பொத்தான் சட்டகமும், கழுகுள்ள கைப்பிடியும் இல்லாத கைப்பிடியும் பல ஆயிரம் எண்களுக்குக் கலந்தே வரும். அப்படியானால் இவற்றை வைத்து எதைத்தான் சொல்ல முடியும் என்று கேட்பவர் நியாயமாகவே கேட்கிறார். அந்தக் கலப்புக்கு ஒரு திசை உண்டு என்பதுதான் என் பதில். பழைய உறுப்பு புதிய துப்பாக்கியில் இயல்பாக வரலாம். புதிய உறுப்பு பழைய துப்பாக்கியில் இயல்பாக வர வழியே இல்லை. 1,58,000 என்ற எண்ணுள்ள சட்டகத்தில் திருகு இருந்தாலும் பொத்தான் இருந்தாலும் சந்தேகப்பட ஒன்றுமில்லை. 70,000 என்ற எண்ணுள்ள சட்டகத்தில் பொத்தான் இருந்தால், அந்த எண் அந்தச் சட்டகத்துக்குப் பிறப்பிலேயே உரியது அல்ல. யாரோ எண்ணை மாற்றியிருக்கிறார்கள் அல்லது சட்டகத்தைத் துளைத்து மாற்றியிருக்கிறார்கள். முந்தியதாகத் தோன்றும் அடையாளம் ஆண்டை முன்னே இழுக்காது. பிந்தியதாகத் தோன்றும் அடையாளம் ஆண்டைப் பின்னே தள்ளும், அல்லது பிற்காலத் தலையீட்டைக் காட்டும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் கலப்புக் காலத்துத் துப்பாக்கிகள் புதிராக இருக்காது.

அடுத்த எதிர்ப்பு, உறுப்புகளைப் பின்னாளில் யாரும் மாற்றலாமே என்பது. மாற்றலாம், ஆனால் எல்லா உறுப்பையும் ஒரே எளிமையில் மாற்ற முடியாது. கைப்பிடியை ஒரு திருப்புளியோடு ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். ஆகவே கழுகு இல்லாத கைப்பிடி 1885-ஆம் ஆண்டுத் துப்பாக்கியில் இருப்பது அந்தக் கைப்பிடியைப் பற்றிய செய்தி மட்டுமே. வெளியேற்றிக் கம்பியும் திருகாணிகளும் அப்படியே. உருளையும் குழலும் அதற்கு அடுத்த நிலை. சட்டகம் மட்டும் மாறாது. அதை மாற்றினால் அது வேறு துப்பாக்கி. எண்ணும் அதில்தான் இருக்கிறது, காப்புரிமை வரிகளின் அடுக்கும் அதில்தான் இருக்கிறது, அச்சுக்கம்பியைப் பிடிக்கும் முறையும் அதில்தான் இருக்கிறது. எனவே சட்டகத்தின் எண்ணைச் சட்டகத்தின் வடிவத்தோடு ஒப்பிடுவதே இருப்பதில் மிக வலுவான சோதனை. இந்த இரண்டும் ஒத்துப்போன பிறகு மற்ற உறுப்புகள் முரண்பட்டால், அந்த முரண் துப்பாக்கியின் பிற்கால வாழ்க்கையைச் சொல்கிறது.

அந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதற்கு ராணுவத் துப்பாக்கிகளைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. 78,000-க்குச் சற்று மேலான எண் கொண்ட ஒரு சட்டகம் என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் 1882 என்கிறது. திருகுச் சட்டகம், மூன்று வரித் தேதிகள், அருகே ராணுவச் சொத்தைக் குறிக்கும் யு.எஸ். எழுத்து, அடியில் டேவிட் கிளார்க் என்ற ராணுவப் பரிசோதகரின் டி.எஃப்.சி. முத்திரை. கிளார்க் 1880-களில் பரிசோதித்தவர், எல்லாம் பொருந்துகிறது. ஆனால் விசைக்காப்பின் எண் 30,000-ஐச் சேர்ந்தது, உருளையின் எண் இன்னொன்று, குழலின் நீளம் ஏழரை அங்குலத்துக்குப் பதில் ஐந்தரை, மரக் கைப்பிடியில் பின்வந்த பரிசோதகர் ரினால்டோ காரின் ஆர்.ஏ.சி. முத்திரை. பழக்கமில்லாதவர் இதைப் பழைய சாமான் கடையில் ஒட்டுப்போட்ட துப்பாக்கி என்று தள்ளிவிடுவார். உண்மையில் இது சேகரிப்பாளர்கள் ஆர்ட்டிலரி மாடல் என்று அழைக்கும் வகை. 1890-களின் நடுவில் தொடங்கி அடுத்த சில ஆண்டுகள், ராணுவம் தன் பழைய ரிவால்வர்களைத் திரும்பப் பெற்றுக் குழலை வெட்டிக் குறைத்து, புதுப் பூச்சேற்றி மறுபடி வழங்கியது. பிரித்த உறுப்புகளை எந்த எண்ணோடு எந்த எண் சேர வேண்டும் என்று பார்க்காமலே பூட்டினார்கள். அங்கே எண்கள் கலந்திருப்பதே ராணுவ வேலைக்குச் சான்று. குழல் முனையிலிருந்து வெட்டப்பட்டதால் மேலே உள்ள முகவரி நடுவில் இல்லாமல் முனையை நெருங்கி நிற்கிறதா என்றும், முன் குறிமுள்ளை மறுபடி பொருத்திய அடையாளம் உண்டா என்றும் பாருங்கள். இந்தத் துப்பாக்கிக்கு ஓர் ஆண்டு எழுதச் சொன்னால் எழுதக் கூடாது. இரண்டு எழுத வேண்டும்.

இவ்வளவு பாடுபடுவானேன், கோல்ட் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்துக்குப் பணம் கட்டி ஒரு கடிதம் வாங்கினால் போதாதா என்று கேட்பார்கள். வாங்குங்கள், விலை உயர்ந்த துப்பாக்கிக்கு அது செலவல்ல. அந்த எண்ணுள்ள ரிவால்வர் எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பப்பட்டது, எந்தக் காலிபர், குழல் எவ்வளவு நீளம், நீலப்பூச்சா நிக்கலா என்பதெல்லாம் ஏட்டில் இருக்கும் வரை கடிதத்தில் வரும். நியூயார்க்கின் ஹார்ட்லி அண்ட் கிரஹாம், செயின்ட் லூயிஸின் சிம்மன்ஸ் ஹார்டுவேர் போன்ற மொத்த வியாபாரிகளின் பெயர் அடிக்கடி தென்படும். ஆனால் கடிதம் தருவது அனுப்பிய தேதி. நம் வகைப்பாட்டில் அது "இதற்குப் பின் இல்லை" என்ற எல்லை. எண் தரும் இடைவெளியின் மேல்பக்கத்தை அது மூடுகிறது, அவ்வளவே. அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது: கடிதம் எழுதுபவர் உங்கள் துப்பாக்கியைப் பார்ப்பதில்லை. அந்த எண்ணுடன் ஒரு ரிவால்வர் வெளியே போனது என்று அவர் உறுதி சொல்கிறார். உங்களிடம் இருப்பது அதுதான் என்று அவர் சொல்லவில்லை. நல்ல கடிதம் கிடைக்கக்கூடிய எண்ணைத் தெரிந்துகொண்டு, அந்த எண்ணை வேறொரு சட்டகத்தில் பொறிப்பது போலிக்காரர்களுக்குப் பழகிய வேலை.

போலி எங்கே அதிகம் என்பதும் ஊகிக்க முடிந்ததே. 1876 ஜூன் மாதம் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரைப் போரில், அமெரிக்க ராணுவத்தின் ஏழாம் குதிரைப்படையில் கஸ்டர் நேரில் நடத்திச் சென்ற பிரிவு முற்றிலும் அழிந்தது. அந்தப் படையிடம் இருந்திருக்கக் கூடியவை ஆர்வில் ஏன்ஸ்வொர்த் பரிசோதித்த தொடக்ககால ராணுவ ரிவால்வர்கள். ஆகவே ஓ.டபிள்யூ.ஏ. முத்திரைக்கும், சுமார் 15,000-க்கு உட்பட்ட எண்ணுக்கும் கேட்கும் விலை வேறு. இந்த வகையைப் பார்க்கும்போது எண்ணைப் படிப்பதோடு நிறுத்தாமல் எண் நிற்கும் தரையைப் பாருங்கள். ஓர் இரும்பு அளவுகோலின் ஓரத்தை எண்ணின் குறுக்கே நிறுத்தி, பின்னாலிருந்து வெளிச்சம் காட்டினால், பழைய எண்ணை அரம் போட்டு எடுத்த இடத்தில் மெல்லிய கீற்றாக ஒளி கசியும். தரை குழிந்திருக்கிறது என்று பொருள். எண்கள் ஒவ்வொன்றாகக் கையால் அடிக்கப்பட்டவை, ஆகவே வரி சற்றே ஏறி இறங்குவது இயல்பு. ஆனால் ஒரே துப்பாக்கியின் மூன்று இடங்களிலும் இலக்கங்களின் எழுத்துரு ஒன்றாக இருக்க வேண்டும். சட்டகத்தின் '4' ஒரு மாதிரியும் பின்பட்டையின் '4' வேறு மாதிரியும் இருந்தால் விலை பேசுவதை நிறுத்திவிடலாம். திருகுத் துளைகளின் ஓரம் கிண்ணம் போல் வழிந்திருப்பதும், காப்புரிமை எழுத்துகள் ஒரு பக்கம் மட்டும் ஆழம் குறைந்திருப்பதும் பரப்பைத் தேய்த்துப் புதுப்பூச்சு ஏற்றியதைக் காட்டும். அது மோசடி என்று ஆகாது. ஆனால் தேய்க்கப்பட்ட பரப்பில் இல்லாத குறியை 'முதலிலிருந்தே இல்லை' என்று வாதிட முடியாது.

இந்திய வாசகர் எதிர்கொள்ள அதிக வாய்ப்புள்ளவை கோல்ட் அல்ல, பிரிட்டிஷ் ரிவால்வர்கள். அவை இந்த விதத்தில் எளிமையானவை போலத் தோன்றும், ஏனென்றால் 1915-இல் ஏற்கப்பட்ட வெப்லி மார்க் ஆறிலும், 1932-இல் ஏற்கப்பட்ட என்ஃபீல்டு நம்பர் இரண்டிலும் ஆண்டு சட்டகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அந்த ஆண்டை நம்பலாம், சட்டகத்தைப் பொறுத்தவரை. என்ஃபீல்டின் முதல் வடிவத்தில் சுத்தியலுக்குப் பெருவிரலால் இழுக்கும் கொம்பு உண்டு. 1938-இல் வந்த நட்சத்திரக் குறியிட்ட வடிவத்தில் கொம்பு இல்லை. முன்பு செய்த துப்பாக்கிகள் ஏராளமாகப் புது வடிவத்துக்கு மாற்றப்பட்டன. ஆக 1935 என்ற பொறிப்போடு கொம்பில்லாத சுத்தியலும், பிறகு அடித்த நட்சத்திரமும் இருந்தால், மேலே சொன்ன விதிதான் இங்கும் பேசுகிறது: சட்டகம் 1935, மாற்றம் 1938-க்குப் பின். ராணுவம் கழித்துவிட்ட வெப்லிகளை வணிகர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது பர்மிங்ஹாமிலோ லண்டனிலோ மறுபடி சோதனை முத்திரை அடித்திருப்பார்கள். அந்த முத்திரையின் காலம் விற்பனையின் காலம். உற்பத்தியின் காலம் அல்ல.

முடிவை எழுதிவைக்கும்போது ஒற்றை ஆண்டை எழுதாமல், ஒவ்வோர் உறுப்புக்கும் தனி வரி கொடுங்கள். மேலே கண்ட ராணுவத் துப்பாக்கிக்கு அது இப்படி இருக்கும்: சட்டகம் 1882, எண் பட்டியலின்படி, கிளார்க் முத்திரை ஒத்துப்போகிறது; விசைக்காப்பு 1870-களின் நடுப்பகுதி, வேறொரு துப்பாக்கியிலிருந்து; குழல் வெட்டப்பட்டது; மறுபூட்டு 1890-களின் நடுப்பகுதிக்குப் பின், கார் முத்திரையின்படி; கைப்பிடி மறுபூட்டின்போது; வெளியேற்றிக் கம்பி, காலம் கூற இயலாது. எந்தப் பட்டியலைப் பயன்படுத்தினீர்கள், எந்தக் குறி தெளிவாகப் படித்தது, எந்தக் குறி ஊகித்தது என்பதையும் சேருங்கள். ஊகித்த இலக்கத்தின் கீழ் ஒரு கோடு போதும். படங்களின் பின்புறத்தில் துப்பாக்கியின் முழு எண்ணை எழுதாமல் கடைசி இரண்டு இலக்கத்தை மறைத்து எழுதுங்கள். முழு எண் உரிமத்திலும் உங்கள் பதிவேட்டிலும் இருந்தால் போதும், அது வெளியே உலவினால் இன்னொரு சட்டகத்தில் ஏறுவதற்கு அதிக நாள் ஆகாது.